ரத்தம் ஊறும் இடம்

பழைய மெட்ராஸ் ரோட்டில் உள்ள ஒரு கட்டடத்தின் பதினேழாவது மாடியில், கண்ணாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் பரத் தன் முகத்தைச் சரியாகப் பார்த்தான். வீட்டில் கண்ணாடி இல்லாமல் இல்லை. ஆனால் காலை அவசரத்தில் தலை வாருகிறவன் முகத்தையா பார்க்கிறான்? இங்கே சோப்பு நுரையை வழித்துவிட்ட இடத்தில் வெயில் நேராக விழுந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கி, உதடு வெளுத்து, தூங்கி எழுந்தவன்போல ஒரு ஆள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இது யார் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்து வைப்பரைத் தூக்கலாம் என்று பார்த்தால் கை எழவில்லை.

கை மரத்துப்போகவில்லை, வலிக்கவும் இல்லை. தூக்கச் சொல்லி மனசு சொன்னது, கை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. அவ்வளவுதான்.

பரத்துக்கு முப்பத்தாறு வயது. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். உயரக் கட்டடங்களின் கண்ணாடியைத் துடைக்கும் வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. முதல் நாள் மேலேயிருந்து பார்த்தபோது அல்சூர் ஏரி ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர்போலத் தெரிந்ததும், அதற்கு இந்தப் பக்கம் தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைக் கண்டுபிடித்து, கயிற்றில் தொங்குகிறோம் என்பதே மறந்துபோனதும் அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மற்றவர்கள் கூலிக்காக ஏறினார்கள். அவனும் அதற்குத்தான் ஏறினான். ஆனால் ஏறுவது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

கண்ணாடிக்கு உள்ளே ஒரு பெண் காபிக் கோப்பையோடு நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் அசையாமல் இருக்கவே சிரிப்பு நின்றது. யாரையோ கூப்பிடத் திரும்பினாள். அதற்குள் பக்கத்துக் கயிற்றில் கேசவ் இறங்கி வந்துவிட்டார். அவர்தான் அந்தக் குழுவின் மேஸ்திரி.

"இன்னா பரத், பயமா?"

"இல்லண்ணா. கை வர மாட்டேங்குது."

கேசவ் வேறொன்றும் கேட்கவில்லை. அவன் கயிற்றைத் தன்னோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு மாடியாகப் பேச்சுக்கொடுத்தபடியே இறக்கினார். கீழே வந்ததும், டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பரத்துக்குத் தரையில் வேலை. ஆட்கள் நடமாடாமல் கயிறு கட்டுவது, சோப்புத் தண்ணீர் கலக்குவது, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்பது. உயரம் கண்டு பயந்துவிட்டான் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்றும் ஒரு பேச்சு ஓடியது. இரண்டையும் கேட்டும் அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் அவனுக்கே விசித்திரமாக இருந்தது.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஆம்பளைக்கு ரத்தம் குறைந்தால் உள்ளே எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கசிவும் இல்லை. மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். தொடர்ந்தான். பரிசோதனையில் ரத்த அளவைக் காட்டும் எண் கொஞ்சமும் நகரவில்லை.

வீட்டில் அம்மா சந்திரம்மா தன் வைத்தியத்தை ஆரம்பித்தாள். ஞாயிறு தவறாமல் அல்சூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சுவரொட்டி வாங்கி வருவாள். ஆட்டின் மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்பார்கள். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைப்பாள். ரத்தம் ஊற அதைவிட வேறு எதுவும் இல்லை என்பது அவள் கட்சி. பரத் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினான். மனைவி இளவேனில் பேசினால் பதில் வரத் தாமதமாகும். வந்தாலும் குரல் கட்டையாக, சளி பிடித்தவன் குரல்போல வரும். இளவேனில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். சாயங்காலம் வந்தால் கடையில் நடந்த கதைகளை நடித்துக் காட்டுவது அவள் வழக்கம். சில மாதங்களாக அவள் நடித்துக் காட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

அவள்தான் அவனை டாக்டர் நோராவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அல்சூர் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரி. நோரா ஐம்பதைத் தாண்டியவர், கன்டோன்மென்ட் வட்டாரத் தமிழ் பேசுகிறவர். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு பரத்தை அவன் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார். எந்தக் கட்டடம், எவ்வளவு உயரம், காற்றடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். பரத்துக்கு இவர் ஏன் இதெல்லாம் கேட்கிறார் என்று புரியவில்லை. அவர் பதிலைவிட அவன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் புருவத்தின் வெளிமுனையை விரலால் தொட்டுப் பார்த்தார். அங்கே முடி கொட்டிப்போயிருந்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கழுத்தின் முன்பக்கத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார்.

அப்புறம் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் முட்டிபோட்டு நிற்கச் சொன்னார். பாதம் இரண்டும் வெளியே தொங்கின. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் ஒரு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பாதம் வெடுக்கென்று உதைத்தது. உதைத்த பாதம் திரும்பி வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது, ஆடி அசைந்து, யோசித்து யோசித்துப் பழைய இடத்துக்கு வந்தது.

"நீ வாம்மா," என்று இளவேனிலையும் அதே நாற்காலியில் ஏற்றினார். அவள் கூச்சத்தோடு முட்டிபோட்டாள். தட்டியதும் பாதம் துள்ளி, பார்க்கிற கண்ணுக்குப் பிடிபடாமல் இடத்துக்கு வந்துவிட்டது. மறுபடி பரத்துக்குத் தட்டிக் காட்டினார். இருவரும் குனிந்து அந்தப் பாதம் மெல்லத் திரும்பி வருவதைப் பார்த்தார்கள். இளவேனில் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை மாதமாக வீட்டில் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு பாதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலை செய்வதையே நிறுத்தியிருந்தது. பெண்களுக்குத்தான் அதிகம் வரும், ஆனால் ஆண்களை விட்டுவைக்கும் என்று இல்லை என்றார் நோரா. பரத் கேட்டது ஒன்றுதான்: கழுத்தில் இருக்கும் ஏதோ ஒன்று கெட்டால் ரத்தம் ஏன் குறைய வேண்டும்?

நோரா பேனாவை மூடி வைத்தார்.

"உங்க எலும்பு மஜ்ஜைக்கு ஒண்ணும் ஆகல பரத். ரத்தம் அங்கதான் ஊறுது. அதுக்கு ஆர்டர் வரல, அவ்ளோதான். உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் எவ்ளோ வேகமா வேல செய்யணும்னு சொல்றது இந்தச் சுரப்பி. இது கம்மியானா எல்லாமே மெதுவாயிடும். மெதுவா வேல செய்றவங்களுக்கு மூச்சுக்காத்தும் கம்மியா போதும். கிட்னி இத கவனிச்சிட்டே இருக்கும். இவ்ளோ ரத்தம் இப்ப எதுக்குன்னு மஜ்ஜைக்கு அனுப்புற சேதிய அது கொறச்சிடும். மஜ்ஜையும் கொறச்சிடும்."

"அப்ப ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதா டாக்டர், உள்ள?"

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து. ஒரு நிமிஷம் விடாம."

தன் உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்றே பரத் நினைத்திருந்தான். அது கைவிடவில்லை. கழுத்து குறைத்துக்கொண்டதைப் பார்த்து இதயம் நிதானித்திருக்கிறது, கிட்னி கணக்கைக் குறைத்திருக்கிறது, எலும்பு அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது. ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருக்கிறதை வைத்துக்கொண்டு அவனை உயிரோடு நடமாட வைக்க எல்லாம் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தன.

இளவேனில் சுவரொட்டி விஷயத்தைச் சொன்னாள். நோரா சிரித்துவிட்டார். வயசான சிவப்பணுக்களைப் பிரித்து, அதிலிருக்கும் இரும்பை எடுத்துத் திரும்ப மஜ்ஜைக்கு அனுப்புகிற இடமே மண்ணீரல்தான், அதனால் அதில் இரும்பு நிறைய இருக்கும், அம்மா சரியாகத்தான் வாங்கிப் போட்டிருக்கிறார் என்றார். ஆனால் தைராய்டு குறைந்தால் வயிற்றில் அமிலமும் குறையும், சாப்பிட்ட இரும்பு உள்ளே ஏறாமல் அப்படியே போய்விடும் என்றார். ஆக, வாசல்வரை வந்த சாமானை உள்ளே எடுத்து வைக்கக்கூட ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

தைராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். இரும்பு மாத்திரையும் தொடர்ந்தது. பரத் இரண்டையும் ஒன்றாக உள்ளங்கையில் போட்டு, விடிந்ததும் அம்மா போடும் காபியோடு ஒரே மடக்கில் விழுங்கினான். இரண்டும் சேர்ந்து போனால் சீக்கிரம் வேலை செய்யும் என்று ஒரு எண்ணம். வாரங்கள் போயின. மறுபடி பார்த்தபோது எதுவும் பெரிதாக மாறவில்லை. பரத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோரா, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னான். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றார். இரண்டும் வயிற்றில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இரண்டுமே உள்ளே போகாது, காபி வேறு அதைக் கெடுக்கும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபி அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரை மத்தியானத்துக்குத் தள்ளிப்போக வேண்டும்.

இளவேனில் அன்றே ஒன்றைத் தலையணைப் பக்கத்திலும் இன்னொன்றை அவன் சாப்பாட்டுப் பையிலும் வைத்தாள். காபி தள்ளிப்போனதில் அம்மாவுக்குத்தான் பேஜார். பால் பொங்கியதும் கொடுக்க முடியாத காபி என்ன காபி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதலில் வந்தது வியர்வை. ஒரு மத்தியானம் சோப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பரத்தின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று நினைத்துத் தட்டினான். வியர்வை. கடைசியாக எப்போது வியர்த்தது என்று யோசித்துப் பார்த்தான், நினைவுக்கு வரவில்லை. அப்புறம் பசி வந்தது. பசிக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. வாளியை இடித்துவிட்டுப் போன ஒரு வண்டிக்காரனிடம் நன்றாகச் சண்டை போட்டான். மேலே தொங்கிக்கொண்டிருந்த கேசவ் அதைப் பார்த்துவிட்டு, கீழே வந்ததும் அவன் தோளில் தட்டிச் சிரித்தார்.

ஒரு சாயங்காலம் இளவேனில் கடையில் ஒரு மாமி புடவையைத் திருப்பிக் கொடுக்க வந்த கதையைச் சொன்னாள். பரத் சரியான இடத்தில் சிரித்தான். அவள் சொல்வதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்," என்றாள். "உனக்கு என்னைப் புடிக்காம போச்சுன்னு."

பரத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத ஒரு பொருள். அது குறைந்ததில், பக்கத்தில் படுத்திருக்கும் ஒருத்தி தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து எத்தனை நாள் அழுதிருப்பாள்! அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் அந்த மாமி கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னான்.

அவன் திரும்பக் கயிறு ஏற இன்னும் பல மாதங்கள் ஆயின. மஜ்ஜை வேகம் பிடித்தாலும் ரத்தம் நிரம்ப நாளாகும். ஏறினான், எல்லாரையும்போல வேலை பார்த்தான், இன்றும் பார்க்கிறான். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் மனசில் நின்றுபோனது அதற்கு முன்னால் வந்த ஒரு சனிக்கிழமைதான்.

அன்று பரிசோதனைக்குப் போனபோது நோரா நல்ல உற்சாகத்தில் இருந்தார். வாங்க, ஒண்ணு காட்டுறேன் என்று பின்பக்க ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார். காலையில் அவனிடம் எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டை நீல மையில் ஊறவைத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து வைத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்துவிட்டு நகர்ந்து நின்றார்.

பரத் குனிந்தான். முதலில் தன் இமை முடிதான் தெரிந்தது. பிறகு வெளிச்ச வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் வட்ட வட்டமாக அணுக்கள். எல்லாம் ஒரே அளவு, நடுவில் லேசாக வெளுத்து. அவற்றுக்கு நடுவில் அங்கங்கே சில மட்டும் வேறு மாதிரி. உள்ளே நீல நூலைப் பிய்த்துப் போட்டதுபோலப் புள்ளியும் இழையுமாக.

"அந்த நீல நூல் இருக்கில்ல, அதெல்லாம் புதுசு," என்றார் நோரா. "மஜ்ஜையிலிருந்து நேத்தோ இன்னைக்கோ வெளிய வந்தது. ஒரு நாள்ல அந்த நூல் போயிடும், மத்தது மாதிரி ஆயிடும். மொத தடவ நீங்க வந்தப்ப இப்படித் தேடிப் பாத்திருந்தா அபூர்வமாத்தான் கெடச்சிருக்கும்."

பரத் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் ஒன்று, அதோ இன்னும் ஒன்று. நேற்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தான். பஸ்ஸில் நின்றபடி போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் இதெல்லாம் பிறந்திருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை பிறக்கும் என்று கேட்டான். நாள் கணக்கு வேண்டாம், ஒரு நொடிக்கு ஏறக்குறைய இருபது லட்சம் என்றார் நோரா. பரத் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான், விளையாடுகிறாரா என்று. அவர் விளையாடவில்லை. அவ்வளவுக்கும் வேண்டிய இரும்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். உடம்பிலிருக்கும் மொத்த இரும்பும் ஒரு சின்ன ஆணி அளவுதான் என்றார். அதையேதான் பழைய அணுவிலிருந்து எடுத்துப் புதிய அணுவில் போட்டு, திரும்ப எடுத்து, திரும்பப் போட்டு, வாழ்நாள் முழுக்க ஓட்டுகிறது. வெளியே போவது துளியூண்டு, அதற்கு ஈடாகச் சாப்பாட்டிலிருந்து வருவதும் துளியூண்டு.

கண்ணாடித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார், பெரிதாக நினைத்துச் சொன்ன மாதிரிகூட இல்லை: "வயித்துல இருக்கும்போது உங்க அம்மா ஒடம்புலேர்ந்து வந்த இரும்புதான் உங்களுக்கு ஆரம்ப முதல். நெறையா போயிருக்கும். ஆனா அதுல கொஞ்சமாவது இன்னும் உங்களுக்குள்ள சுத்திட்டிருக்கும்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்தவன் பஸ் பிடிக்கவில்லை. மார்க்கெட் வழியாக நடந்தான். சனிக்கிழமைக் கூட்டம். கறிவேப்பிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் பெண், தட்டுவண்டியைத் தள்ள முடியாமல் கன்னடத்தில் திட்டும் கிழவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுப் பூண்டுக்குப் பேரம் பேசும் ஒருத்தி, ஹெல்மெட்டோடு பழரசம் குடிக்கும் டெலிவரி பையன். எல்லாரும் அவரவர் வேலையில் மும்முரமாக இருந்தார்கள். இவர்கள் ஒவ்வொருவர் எலும்புக்குள்ளும், இதோ இந்த நொடியில், இந்த நொடியில் என்று அவன் மனசில் ஓடியது. கழுத்து சொல்கிறது, கிட்னி கேட்கிறது, எலும்பு செய்கிறது. யாரும் ஏவவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. தெருவோரம் படுத்திருந்த நாய்க்குள்ளும்கூட. பதினேழாவது மாடியிலிருந்து ஊரைப் பார்த்தபோது வந்த மலைப்பெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது என்று தோன்றியது. பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தது. வழியின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்சுவரில் புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் இளவேனில் புது மாலை போட்டிருந்தாள். பரத் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்னான். நீல நூலைப் பற்றிச் சொன்னான். இருபது லட்சம் என்றபோது அவள் "உம்" என்றாள், பஸ் லேட் என்று சொன்னால் கொட்டுகிற அதே "உம்". கடைசியில் இரும்பு விஷயத்துக்கு வந்தான். நான் வயித்துல இருக்கும்போது நீ குடுத்த இரும்புல கொஞ்சம் இன்னும் எனக்குள்ள ஓடுதாம்மா, டாக்டர் சொன்னாங்க என்றான்.

"குடுக்காம பின்ன," என்றாள் அம்மா. "இந்தக் கீரையப் பொறந்ததுலேர்ந்து துப்பினவன் நீ. நான் அப்பவே குடுத்து வெச்சதுலதான் ஓடிட்டிருக்க."

உள்ளேயிருந்து இளவேனில் சிரிப்பது கேட்டது. பரத்தும் சிரித்தான். அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றது.

"நிஜமாவாடா?"

"நிஜமாம்மா."

"அப்ப எங்கம்மா எனக்குக் குடுத்தது?"

அவன் இதை யோசித்திருக்கவில்லை. உனக்குள்ள கொஞ்சம் இருக்கும் என்றான்.

அம்மா தன் கையைத் திருப்பி, கீரைச் சாறு படிந்த விரல்களைப் பார்த்தாள். அவளைப் பெற்ற கையோடு செத்துப்போனவள் அவள் அம்மா. வீட்டில் அந்த அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

"அப்ப நான் உனக்குக் குடுத்ததுல," என்று மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், "அவங்க குடுத்ததும் கலந்திருக்குமே."

உள்ளேயிருந்து இளவேனில் வாசற்படிக்கு வந்து நின்றாள். அம்மா இருவரையும் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கீரைத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி, மகனையும் சேர்ந்து ஆயச் சொன்னாள்.